கார்த்திகையில் அளந்த தண்ணீர்

இப்போதெல்லாம் கல்கத்தாவில் நிலம் அளப்பதற்கு ஆகாய விமானத்தில் ஏறிப் படம் எடுக்கிறார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகும் என்னை மறக்காமல் வீடு தேடி வரும் சர்வேயர்கள் அந்தப் படங்களை என் மேஜைமேல் பரப்பிக் காட்டுவார்கள். ஏரி ஒரு கறுப்புத் திட்டு. தெருக்கள் வெள்ளைக் கோடுகள். வீடுகள் கொட்டிவைத்த கல் உப்பு. "உங்க காலத்துல இதுக்கு என்ன பண்ணினீங்க?" என்று கேட்பார்கள். "நடந்தோம்" என்பேன். சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை, ஏனென்றால் என் முழங்கால் அதைத் தமாஷாக எடுத்துக்கொள்வதில்லை.

போன வாரம் வந்தவர்களில் ரகுநாதன் என்று ஒருவர். தமிழர், இங்கேயே பிறந்து வளர்ந்தவர். வங்காளிப் பிள்ளைகளைப் போல என்னைக் 'காக்கு', சித்தப்பா, என்றுதான் கூப்பிடுவார்.

"காக்கு, ஒண்ணு கேக்கணும். ஏரிக்குக் கிழக்கால ஒரு பழைய குடியிருப்பு இருக்கே, அந்தப் பாடாவுக்குள்ள சைக்கிள்ல போனா மட்டும் மிதிக்க முடியல. மேடா இருக்கு. சுத்தியிருக்கிற தெருவெல்லாம் சமமா இருக்கறப்ப அது மட்டும் ஏன் ரெண்டரை அடி ஒசரம்? படத்துல பார்த்தா ஒண்ணும் தெரியல."

"அது என் முட்டாள்தனத்தோட ஒசரம்" என்றேன்.

அவர் நம்பவில்லை. முழுக் கதையையும் சொன்ன பிறகு, எழுதிவையுங்கள் என்று பிடிவாதம் பிடித்தார். ஆகவே எழுதுகிறேன்.

நான் மாயவரத்துக்காரன். சர்வே படிப்பு, பரீட்சை எல்லாவற்றையும் இரண்டு வரியில் சொல்லிவிடலாம்: படித்தேன், தேறினேன், தஞ்சாவூர் ஜில்லாவில் நான்கு வருஷம் சங்கிலி பிடித்து ஏரி குளங்களை அளந்தேன். அங்கே எங்களுக்கு அடித்துப் புகட்டிய விதி ஒன்று உண்டு. ஒரு குளத்தில் தண்ணீர் அதிகபட்சம் எதுவரை ஏறும் என்று தெரிய வேண்டுமானால் கார்த்திகைக் கடைசியில் போய்ப் பார். ஐப்பசி மழையும் கார்த்திகை மழையும் கொட்டித் தீர்த்த பிறகு குளம் தளும்பி நிற்கும். அப்போது எடுக்கும் மட்டம்தான் உச்ச மட்டம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நாங்கள் அதைச் சொல்வோம். இந்த விதியையும் ஒரு தகரப் பெட்டியையும் எடுத்துக்கொண்டுதான் கல்கத்தா மெயிலில் ஏறினேன்.

நான் வந்து சேர்ந்தபோது ஏரி கிடையாது. இன்று மாலையில் ஜனங்கள் காற்று வாங்கும் இடமெல்லாம் அப்போது சதுப்பும் புதரும் நரி ஊளையுமாகக் கிடந்தன. நடுநடுவே சின்னச் சின்னக் குளங்கள், அவற்றைச் சுற்றிக் கூரை வீடுகள். எங்கள் அலுவலகத்தின் திட்டம் இதுதான்: நடுவில் பெரிய ஏரியாக வெட்டுவது, வெட்டிய மண்ணைச் சுற்றியுள்ள பள்ளங்களில் கொட்டி உயர்த்துவது, உயர்த்திய நிலத்தில் தெருவும் மனையும் போடுவது. இன்றைக்கு நம்மவர்கள் மார்க்கெட்டில் முருங்கைக்காய்க்கும் வாழைப்பூவுக்கும் பேரம் பேசிக்கொண்டு நிற்கிறார்களே, அவர்கள் காலுக்குக் கீழே இருப்பது ஏரி மண். காப்பிக்கொட்டை வறுக்கிற கடையும், இட்லிக் கடையும், மாடி மாடியாக வாடகை வீடுகளும் நிற்பது ஏரி மண்ணில்தான். ஏரி வெட்டிய இடத்தில் இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்பதுதான் என் கதை.

என் மேலதிகாரி ஹால்தார் பாபு. ஒல்லியான மனிதர். வேட்டி, மூடிய கோட்டு, வெயிலானாலும் மழையானாலும் ஒரு கறுப்புக் குடை. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடிவிடும். சாதாரண நாளில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர், கோபம் வந்தால் 'மஹாஷய்' என்பார். 'தயவுசெய்து உட்காருங்கள், மஹாஷய்' என்று அவர் சொன்னால் அன்றைக்குத் தொலைந்தோம் என்று அர்த்தம்.

யாருடைய அளவுப் புத்தகத்திலும் அவர் சும்மா கையெழுத்துப் போடமாட்டார். மூன்று புள்ளிகளை அவரே பொறுக்குவார். பெரும்பாலும் எருமை படுத்திருக்கும் இடமாகவோ முள்ளுக்கு நடுவிலோ இருக்கும். அங்கே லெவல் கருவியைக் கொண்டுபோய் வைக்கச் சொல்லுவார். முக்காலியின் ஒவ்வொரு காலையும் தம் செருப்பால் ஒரு மிதி மிதித்துப் பார்ப்பார். கருவியின் குமிழி நடுவில் நிற்கும்வரை மூச்சுவிடாமல் காத்திருப்பார். அளவுக்கோலைப் பிடித்திருப்பவனை முன்னும் பின்னும் லேசாக ஆட்டச் சொல்லி, எது மிகக் குறைந்த எண்ணோ அதைப் படிப்பார். கோல் நேராக நிற்கும் கணத்தில்தான் எண் குறைவாக இருக்கும். மூன்றும் என் எண்ணோடு ஒத்துப்போனால் கையெழுத்து. ஒன்று தவறினாலும் பக்கம் முழுவதும் குறுக்கே ஒரு கோடு. மறுபடி முதலிலிருந்து.

நான் வந்தது ஐப்பசி நடுவில். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. வங்காளிகள் வீட்டுக்கு வீடு மூங்கில் கழியை நட்டு அதன் உச்சியில் விளக்கேற்றியிருந்தார்கள். அந்த மாதம் முழுக்கப் பிதுர்களுக்காக ஏற்றுகிற ஆகாச விளக்கு. ஐப்பசி மழையில் இது எப்படி அணையாமல் எரியும் என்று ஆச்சரியப்பட்டேனே தவிர, மழை இல்லாத மாதமாக இருப்பதால்தான் ஏற்றுகிறார்களோ என்று என் மரமண்டைக்குத் தோன்றவில்லை.

எனக்குக் கொடுத்த முதல் வேலை, கிழக்குப் பக்கத்துக் குளங்களின் உச்ச நீர்மட்டத்தை எடுப்பது. ஏரிக்காக வீடு காலி செய்யும் நாற்பது குடும்பங்களுக்கு அந்தப் பக்கத்தில் மனை கொடுப்பதாக ஏற்பாடு. தண்ணீர் ஏறாத இடமாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும். எப்போது எடுப்பது என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தஞ்சாவூர்க்காரனுக்குத் தண்ணீரைப் பற்றி இவர்கள் என்ன சொல்லிக்கொடுப்பது என்ற திமிர். அக்கம்பக்கத்தில் விசாரிக்கலாம் என்றால் வங்காளமும் வராது.

கார்த்திகைக் கடைசிவரை காத்திருந்தேன். ஒரு பொட்டு மழை இல்லை. ஊரிலிருந்து என் மனைவி விசாலம், தெருவெல்லாம் தண்ணீர் நிற்பதாகக் கடிதம் எழுதுகிறாள். இங்கே நான் வெயிலில் காய்கிறேன். சரி, இந்த வருஷம் இங்கே மழை பொய்த்துவிட்டது என்று முடிவு கட்டினேன். விதிப்படி கார்த்திகைக் கடைசி வாரத்தில் பதினோரு குளங்களிலும் மட்டம் எடுத்தேன். மழை பொய்த்த வருஷமாயிற்றே என்று, யோக்கியனாக, எல்லாவற்றோடும் அரை அடி கூட்டினேன். அளவுப் புத்தகத்தின் ஓரத்தில் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பும் எழுதினேன்: 'இவ்வாண்டு பருவமழை தவறிவிட்டதாகத் தெரிகிறது.'

ஹால்தார் பாபு மறுநாளே வந்து மூன்று குளங்களில் சோதித்தார். மயிரிழை பிசகவில்லை. ஓரத்தைப் படிக்காமல் எண்களை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். எண்கள் மட்டும் வரைபடத்துக்குப் போயின. புத்தகம் என் பையிலேயே தங்கிவிட்டது. அந்தக் காலத்துப் படிவத்தில் குளத்தின் எண், மட்டம் என்ற கட்டங்கள் உண்டு. என்றைக்கு எடுத்தது என்று எழுத இடம் கிடையாது.

தையில் விசாலம் வந்து சேர்ந்தாள். காளிகாட் பக்கத்தில் நான் முதலிலிருந்தே தங்கியிருந்த வீட்டின் கீழ்ப்பாதியில் குடியிருந்தோம். பங்குனியில் மனைகளுக்கு முளையடிக்கும் வேலை ஆரம்பமாயிற்று. அங்கேதான் மாசியைச் சந்தித்தேன்.

அவள் பெயர் எல்லோருக்குமே மாசிதான். வங்காளத்தில் சித்திக்கும் பெரியம்மாவுக்கும் அதுதான் சொல். ஐம்பது வயதிருக்கும். புருஷன் இல்லை. பொரி வறுத்து விற்பது தொழில். ஏரிக்கு மண் வெட்ட வந்த பீகார்க்காரர்கள் நூற்றுக்கணக்கில் அவளிடம்தான் பசியாறினார்கள். தரையில் பள்ளம் தோண்டி, பாதி பூமிக்குள் இருக்கும் மண் அடுப்பு அவளுடையது. அதன்மேல் மண்சட்டியில் மணலைக் கொதிக்க வைத்து, உப்புப் பூசிய அரிசியைப் போட்டு, குச்சிக் கட்டால் இரண்டு சுழற்று சுழற்றினால் மல்லிகைப்பூவாகப் பொரியும். அடுப்புக்குள் ஈரம் ஏறினால் தொழில் அன்றோடு நின்றது. ஆகவே மற்றவர்கள் மனையில் முதலில் மூங்கில் நட்டபோது, அவள் முதலில் அடுப்புக்குப் பள்ளம் தோண்டினாள். தோண்டியவள் நிமிர்ந்து என்னைக் கூப்பிட்டாள். அவள் பேசியது வங்காளம். ஆனால் இத்தனை வருஷம் கழித்து என் காதில் அது மாயவரத்துத் தமிழாகத்தான் கேட்கிறது.

"மத்ராஸி பாபு, இங்க வா. இதைப் பாரு. நத்தைக் கூடு. இங்க தண்ணி நிக்கும்."

"நிக்காது மாசி. நான் அளந்திருக்கேன்" என்றேன், எனக்குத் தெரிந்த அரைகுறை வங்காளத்தில்.

"எப்ப அளந்தே?"

"மழைக்காலம் முடியறப்ப."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். மனைக்கு ஓரத்தில் ஒரு கருவேலஞ்செடி இருந்தது. அதன் கிளைப் பிரிவில், என் முழங்கால் உயரத்தில், காய்ந்து சருகான ஆகாயத்தாமரைக் கொத்து ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கி என் கையில் கொடுத்தாள்.

"இது எப்படி ஏறிச்சு? ஏணி வெச்சா?"

அந்தச் சருகைக் கார்த்திகையிலேயே நான் பார்த்திருந்தேன். யாரோ களை பிடுங்கி எறிந்தது என்று நினைத்திருந்தேன். இப்போதும் அப்படியே சொன்னேன். அவள் என்னோடு வாதாடவில்லை. தோண்டிய பள்ளத்தைக் காலால் மூடிவிட்டு, குழியில் வைக்க இருந்த மண்சட்டியை இடுப்பில் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வாதாடியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது விசாலம் முற்றத்தில் வடாம் வற்றலை எடுத்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன அவசரம்? சித்திரை வெயில் முழுசும் இருக்கே" என்றேன்.

"மாடி பௌதி சொன்னாங்க, இப்பவே நல்லாக் காயவெச்சுத் தகரத்துல போட்டுடணுமாம். ஆனியில பிடிச்சா துர்கா பூஜை வரைக்கும் விடாதாமே, மழை? போன வருஷம் ஆவணியில இந்த முத்தத்துல முட்டியளவு தண்ணி நின்னுச்சாம். பாருங்க, செவுத்துல கோடுகூட இருக்கு."

மாடி வீட்டு வங்காளி அம்மாளை அவள் 'பௌதி', அண்ணி, என்றுதான் அழைப்பாள். வந்த இரண்டே மாதத்தில் பாதி ஜாடை, பாதி சிரிப்பில் இருவரும் எல்லாம் பேசிக்கொள்வார்கள்.

"போன வருஷமா? போன வருஷம் மழை பொய்ச்சுப் போச்சே" என்றேன்.

"யாரு சொன்னா உங்களுக்கு?"

யார் சொன்னார்கள்? நான்தான் சொன்னேன். எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுவரில் பாசி நிறத்தில் ஒரு கோடு என் முழங்காலுக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து மாதமாக அந்தச் சுவரில்தான் குடையைச் சாய்த்து வைத்திருக்கிறேன்.

ஊரில் மழை ஆரம்பிக்கிற மாதத்தில் இங்கே மழை முடிந்துவிடுகிறது. குளம் தளும்பி, வடிந்து, இறங்கிப்போன பிறகு போய் அதன் உச்சத்தை அளந்திருக்கிறேன். என்னை நம்பி நாற்பது குடும்பங்கள் மூங்கில் நட்டுக்கொண்டிருக்கின்றன.

விசாலத்திடம் சொன்னேன். என் வேலை தற்காலிக வேலை. இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. சொன்னால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள், ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான் என்றேன்.

"திரும்பினா நம்ம வீடு மேட்டுலதான இருக்கு" என்றாள். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவள்மேல் எனக்கு அவ்வளவு மதிப்பு வந்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலை அலுவலகம் திறந்தவுடன் ஹால்தார் பாபுவின் மேஜைமுன் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். புத்தகத்தைக் கொடுத்தேன். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஓரக் குறிப்பில் நிறுத்தினார். மெல்லப் படித்தார்: "இவ்வாண்டு பருவமழை தவறிவிட்டதாகத் தெரிகிறது." மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைத்தார்.

"தயவுசெய்து உட்காருங்கள், மஹாஷய்."

உட்கார்ந்தேன்.

"போன பாத்ரோ மாதத்தில், உங்கள் ஆவணியில், என் வீட்டு வாசலில் மீன் பிடித்தார்கள். தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது, சார்."

"எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே உங்களோடு குளத்தில் இறங்கி, நீங்கள் எழுதிய எண் சரியா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். நீங்கள் வெளியூர்க்காரர். நான் இங்கேயே பிறந்த கழுதை." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "கருவியை எடுங்கள். அந்தப் பொரிக்கார அம்மாளிடம் போகலாம்."

அடுத்த இரண்டு நாள் நாங்கள் செய்த வேலையைப் பிற்பாடு எத்தனையோ இடங்களில் செய்திருக்கிறேன். கிழக்குப் பக்கம் முழுக்க வீடு வீடாகப் போனோம். மாசி முன்னால் நடந்தாள். "போன வருஷம் தண்ணி எதுவரைக்கும்? காட்டு" என்று அவளே அதட்டுவாள். ஒருவர் வாசற்காலைக் காட்டுவார். ஒருவர் மாட்டுத் தொட்டியை. ஒரு கிழவர் கட்டிலின் காலைக் காட்டி, கட்டில் அன்று இருந்த இடத்தையும் காட்டினார். ஈச்சமரத்தில் சேற்றுக் கோடு. படித்துறையில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்த படி. வாய்ப்பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள ஹால்தார் பாபு சம்மதிக்கவில்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்டோம், பக்கத்து வீட்டுக்காரர் என்ன காட்டினார் என்று சொல்லாமல். ஒவ்வொரு குறியிலும் கோலை வைத்து மட்டம் எடுத்தோம். பதினெட்டுக் குறிகள். எல்லாம் மூன்று விரல் அகலத்துக்குள் ஒரே மட்டத்தில் வந்து நின்றன. வாழ்க்கையில் எந்தக் கருவியும் எனக்கு இத்தனை ஒழுங்கான கணக்குக் கொடுத்ததில்லை.

அரை அடி கூட்டிய பிறகும் என் கோடு இரண்டடி தாழ்வு. ஆடியிலிருந்து புரட்டாசிவரை அந்த மனைகளில் முழங்கால் தண்ணீர் நிற்கும்.

பெரிய என்ஜினியர் துரையிடம் போனோம். அவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, இந்த இடம் உதவாது, ரத்துசெய்துவிட்டு ஊருக்கு வெளியே எங்காவது மனை கொடுங்கள் என்றார். வெளியே என்றால் நான்கு மைல். மாசியின் பொரியை அங்கே நரிதான் வாங்க வேண்டும். மற்றவர்களும் பால்காரர், சலவைக்காரர், வண்டி இழுப்பவர் என்று இந்த வட்டாரத்தையே நம்பிப் பிழைப்பவர்கள்.

ஹால்தார் பாபு சொன்னார்: "இடத்தை மாற்ற வேண்டாம். மூன்றரை அடி மண் போட்டால் போதும். படிந்த பிறகு இரண்டரை நிற்கும். ஏரியிலிருந்துதான் தினமும் மண் வருகிறதே."

"அந்த மண் மேற்கே பெரிய தெருவுக்கு. மனை வாங்கியவர்கள் காத்திருக்கிறார்கள்."

"அவர்கள் காத்திருக்கலாம். அவர்களுக்கு இருக்க வீடு இருக்கிறது."

துரை நிமிர்ந்து பார்த்தார். "இந்தத் தவறான மட்டம் யாருடையது?"

"என்னுடையது. கையெழுத்து இருக்கிறது" என்றார் ஹால்தார் பாபு.

"இல்லை, என்னுடையது" என்றேன் நான். குரல் கீச்சென்று வந்தது.

"என்னுடையது என்றால் என்னுடையது, மஹாஷய்" என்று என் பக்கம் திரும்பி அடிக்குரலில் உறுமினார்.

துரை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பழியை அடுத்தவன் தலையில் கட்டுகிறவர்களைத்தான் அவர் அதுவரை பார்த்திருப்பார் போலிருக்கிறது. "அந்தச் சண்டையை நீங்கள் வெளியே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். "மழை பிடிக்கிறவரை ஏரியின் கிழக்குக் கரையில் மண் ஏற்றுகிற வண்டிகள் உங்களுக்கு. அதற்குமேல் ஒரு நாள்கூடக் கிடையாது. முடியாவிட்டால் இடம் ரத்து."

இரண்டே மாதம். மண் வண்டிகளுக்குப் போட்டிருந்த சின்னத் தண்டவாளத்தைப் பிரித்துக் கிழக்கே திருப்பவே ஒரு வாரம் ஆயிற்று. பிறகு காலையிலிருந்து இருட்டும்வரை மண் வந்து கவிழ்ந்தது. சும்மா கொட்டிவிட்டால் போதாது. ஒரு சாண் கனத்துக்குப் பரப்பி, தண்ணீர் தெளித்து, இறுக மிதித்து, அதன்மேல் அடுத்த சாண். கட்டை போட்டு இடிக்க ஆள் போதவில்லை. மனைக்காரர்களே குடும்பத்தோடு இறங்கி மிதித்தார்கள். சலவைக்காரர்கள் கழுதைகளை ஓட்டிக்கொண்டு வந்து மேலும் கீழும் நடத்தினார்கள். மாசி தன் பழைய குடிசை வாசலிலேயே அடுப்பை எரியவிட்டுக்கொண்டு, வண்டி தள்ளுகிறவர்களை விரட்டினாள். "மேற்கால போற வண்டிக்காரனுக்குப் பொரி கிடையாது. கிழக்கால வர்றவனுக்கு ஒரு கை சேர்த்து." இது என்ன நியாயம் என்று ஒருவன் சண்டைக்கு வந்தான். மறுநாள் அவன் வண்டியும் கிழக்கே வந்தது.

நான் தினமும் லெவல் வைத்தேன். இன்று இத்தனை அங்குலம், நேற்றுப் போட்டது இத்தனை படிந்தது. யாருக்காக வேலை செய்கிறோம் என்று முகம் முகமாகத் தெரிந்து நான் செய்த முதல் வேலை அது. உடம்பு இளைத்தது. வங்காளமும் வந்துவிட்டது, முக்கால்வாசி திட்டு வார்த்தைகளாக.

வானம் எங்களைக் கேட்டுக்கொண்டா வரும்? கடைசி வரிசை பாதி இருக்கும்போது மழை பிடித்துவிட்டது. சொன்ன வாக்குப்படி மறுநாள் தண்டவாளத்தைப் பிரித்துக்கொண்டு போனார்கள். ஆறு மனைகள் ஒரு முழம் குறைந்து நின்றன. கோடியில் இருந்தது மாசியின் மனை. நான் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றேன். அப்போது முதல் வரிசைக்காரர்கள், தங்கள் மனை நிறைந்து கூரையும் போட்டுவிட்டவர்கள், ஏரிக்கரையிலிருந்து கூடை கூடையாகச் சேற்று மண்ணைத் தலையில் சுமந்து வர ஆரம்பித்தார்கள். யாரும் யாரையும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. கொட்டுகிற மழையில் ஐந்து நாள் சுமந்தார்கள். நானும் ஹால்தார் பாபுவும் சுமந்தோம். அவர் ஒரு கையில் கூடையும் ஒரு கையில் குடையுமாக வந்ததைப் பார்த்துப் பெண்களெல்லாம் சிரித்தார்கள். ஐந்து மனைகள் நிரம்பின. மாசியின் மனை மட்டும் ஒரு சாண் தாழ்வாக நின்றுவிட்டது. அதற்குமேல் மண் சேறாக ஓடியது.

"விடு. நான் அடுப்பை மேல தூக்கிக் கட்டிக்கிறேன்" என்றாள் மாசி. தலைமுறை தலைமுறையாகத் தரைக்குள் இருந்த அடுப்பைத் திண்டு போட்டு அதன்மேல் கட்டினாள். நின்றுகொண்டே வறுக்க வேண்டியதாயிற்று. இடுப்பு வலி போய்விட்டது என்று பிற்பாடு சொன்னாள். அவள் பொய் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது.

ஆவணி பிறந்து, மூன்று நாள் விடாமல் பெய்தது. நான்காம் நாள் காலை மழை விட்டதும் கருவியையும் அளவுக்கோலையும் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். கோல் பிடிப்பவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். வழியெல்லாம் இடுப்பளவு தண்ணீர். எங்கள் குடியிருப்பு தெரிகிறவரை எனக்கு உயிர் இல்லை. பிறகு தெரிந்தது. சுற்றிலும் வெள்ளக்காடு, நடுவில் நாற்பது கூரைகள், காய்ந்த வாசல்கள். கோடி மனையில் மட்டும் தண்ணீர் ஓரத்தை நக்கிக்கொண்டு, நான்கு விரல் கீழே நின்றது. திண்டின்மேல் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பொரி வாசனை தண்ணீருக்குமேல் வந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மேட்டில் ஏறி நின்றுகொண்டு, சர்வேயரான நான் கருவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். அதை இங்கே மறைத்து எழுத எனக்கு இஷ்டமில்லை.

மாசி என்னைப் பார்த்தாள். கையைப் புடவையில் துடைத்தாள். என் தோளிலிருந்த அளவுக்கோலை வாங்கிக்கொண்டு, என்னிடம் ஒன்றும் கேட்காமல் தண்ணீருக்குள் இறங்கினாள். முழங்காலுக்குமேல் தண்ணீர் வரும் இடத்தில் போய்த் திரும்பி நின்று, கோலின் அடியைத் தண்ணீர் மட்டத்தில் வைத்துப் பிடித்தாள். இரண்டு நாள் எங்களோடு அலைந்ததில் பார்த்து வைத்திருந்தாள் போலிருக்கிறது. முன்னும் பின்னும் லேசாக ஆட்டவும் ஆட்டினாள்.

"தண்ணி வந்திருக்கு, பாபு" என்றாள். "இப்ப அள."

கண்ணைத் துடைத்துக்கொண்டு குமிழியை நடுவில் நிறுத்தினேன். எண்ணைப் படித்து, புத்தகத்தில் எழுதி, பக்கத்திலேயே மாதத்தையும் தேதியையும் எழுதினேன். அவள் கோலைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தாள்.

"எழுதியாச்சா?"

"ஆச்சு, மாசி."

"அப்ப வந்து கோலை வாங்கிக்கோ. மணல் காயுது, அரிசி போடணும்."